நாக்கு நமநமங்குது

சிங்கப்பூர் ஃபேரர் பார்க்கில் ஒரு பழக்கடையில் கீவிப் பழத்தை வெட்டி ருசி பார்க்க நீட்டினார்கள். அந்த வாசனை மூக்கில் பட்டதுமே என் கால் தானாகப் பின்வாங்கியது. "நல்ல ஸ்வீட்டு லா, சாப்பிட்டுப் பாருங்க சிஸ்டர்" என்றார் கடைக்காரர். அவரிடம் முகிலனைப் பற்றி எப்படிச் சொல்வது? உங்களிடம் சொல்கிறேன்.

பல வருடங்களுக்கு முன் நான் புக்கிட் பாஞ்சாங் வட்டாரத்தில் ஒரு பாலர் பள்ளியில் உதவி ஆசிரியை. வேலைக்குப் புதிது. பாதி நேரம் பசை டப்பாக்களின் மூடியைத் தேடுவதிலேயே போகும். சீனம், மலாய், தமிழ் பேசும் பிள்ளைகள் கலந்த வகுப்பு. ஆனால் ஆங்கில வேளையில் ஆங்கிலம் மட்டும்தான். அது பள்ளியின் விதி. ஐந்து வயது முகிலன் அந்த மாதம்தான் ஊரிலிருந்து வந்திருந்தான். படத்தைக் காட்டினால் "ஆப்பிள்" என்பான். அவசரத்துக்கு "டாய்லெட்." அவ்வளவுதான் அவன் ஆங்கிலம்.

அன்று பழங்களின் பெயர் சொல்லிக்கொடுக்கும் பாடம். தமிழ் தெரியாத வகுப்பாசிரியை லின் ஆளுக்கொரு துண்டு கீவி கொடுத்தார். முகிலன் அதற்கு முன் அந்தப் பழத்தைப் பார்த்ததுகூட இல்லை. தின்றான். கொஞ்ச நேரத்தில் நாக்கை வெளியே நீட்டி நகத்தால் சுரண்டினான். பக்கத்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். லின் குனிந்து, "யூஸ் யுவர் வேர்ட்ஸ், முகிலன்" என்றார் அன்பாக.

அவனிடம் இருந்த வார்த்தையைச் சொன்னான். "நாக்கு நமநமங்குது."

மூலையில் காகிதம் வெட்டிக்கொண்டிருந்த எனக்குக் கை நின்றுவிட்டது. சேனைக்கிழங்கு சரியாக வேகாத நாளில் எங்கள் அம்மா சொல்லும் சொல் அது. விதியெல்லாம் மறந்து ஓடினேன்.

"தொண்டை எப்படிடா இருக்கு?"

"உள்ள யாரோ புடிக்கிறாங்க."

அதற்குள் உதடு தடித்திருந்தது. "அலர்ஜி! ஆம்புலன்ஸ்!" என்று கத்தினேன். லின் போனை எடுத்தார். நான் அவனை மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, "என்னைப் பாரு, மெதுவா மூச்சு விடு" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். மூச்சில் ஒரு விசில் சத்தம் கேட்டது. ஆம்புலன்ஸ் இன்னும் வரவில்லை என்று தெரிந்துவிடுமோ என வாசல் பக்கம் பார்க்கவே பயமாக இருந்தது.

ஆம்புலன்ஸில் வந்த மலாய் இளைஞர் தொடையில் ஊசி போட்டதும் முகிலன் வீறிட்டு அழுதான். "குட், குட். அழட்டும் லா" என்றார் அவர் ஆங்கிலத்தில்; அழ முடிந்தால் மூச்சு வருகிறது என்று அர்த்தம். அழுகை அவ்வளவு இனிமையாக எனக்கு என்றும் கேட்டதில்லை.

ஜூரோங் கப்பல் பட்டறையிலிருந்து வேலை உடையோடு அவன் அப்பா மருத்துவமனைக்கு ஓடிவந்தார். தூங்கும் மகனைப் பார்த்துக்கொண்டே நின்றார். "சீக்கிரம் இங்கிலீஷ் வரட்டும்னு வீட்லயும் தமிழ் பேசாதன்னு சொல்லியிருந்தேன் மேடம்" என்றார்.

அடுத்த வாரம் லின் என்னை உட்காரவைத்து 'வலிக்குது', 'அரிக்குது', 'மூச்சு' எல்லாம் கற்றுக்கொண்டார். அவர் 'வலிக்குது' சொன்னால் 'வழுக்குது' என்றுதான் கேட்கும். பிள்ளைகள் முதலில் தங்கள் மொழியில் சொல்லலாம், பிறகு ஆங்கிலத்தில் சொல்லக் கற்றுக்கொடுப்போம் என்று மேலிடத்தில் வாதாடி அனுமதி வாங்கியதும் அவர்தான். வருடக் கடைசியில் முகிலன் ஆங்கிலத்தில் வாய் ஓயாமல் பேசினான்.

அந்தப் பள்ளி இப்போது இல்லை; அங்கே டியூஷன் நிலையம் நடக்கிறது. லின் ஓய்வு பெற்றுவிட்டார். நான் வேறு பள்ளியில் இருக்கிறேன். போன வாரம் திடலில் எங்கள் வகுப்புத் தமிழ்ச் சிறுமி ஒருத்தி தடுக்கி விழுந்தாள். 'அம்மா' என்றோ 'ஐயோ' என்றோ கத்தவில்லை.

"ஆவ்ச்" என்றாள்.