பூட்டுப் படம் போட்டிருந்த பக்கம்

இரண்டு வருடத்துக்கு முந்தைய மார்கழி மாதம். மொரப்பூரில் காலை பாசஞ்சரில் ஏறி, சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். வரவேற்பில் உட்கார்ந்து நோயாளிகளைப் பதிவு செய்யும் வேலை. ரயில் ஏறியதும் முதல் காரியமாக ஜன்னலோரத்தில் ஒரு கைக்குட்டையைப் போட்டுவிடுவேன். அது பொம்மிடியில் ஏறும் என் சிநேகிதிக்காக.

சிநேகிதி என்றால் ரயில் சிநேகிதி. என்னைவிடச் சின்னவள், துணிக்கடையில் வேலை, ஐந்து வருடப் பழக்கம். பொம்மிடி தாண்டியதும் மலை பக்கத்தில் வந்துவிடும். பனி ஜன்னல் வழியாக உள்ளே வரும். பேச்சு தானாக நின்றுபோய், அவள் தலை என் தோளில் சாய்ந்துவிடும். லோக்கூர் வரைக்கும் தூக்கமா விழிப்பா என்றே தெரியாது. என் நாளிலேயே சுகமான நேரம் அதுதான். மற்ற நேரமெல்லாம் நான்தான் பேசுவேன். என் மாமியார் கதை முழுக்க அவளுக்கு அத்துப்படி. அவள் தன் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. கேட்க எனக்கும் நேரமில்லை, என் கதையே தீர்ந்தபாடில்லை.

ஒருநாள் அவள் எங்கள் மருத்துவமனைக்கே வந்தாள். "வயித்து வலிங்க அக்கா, ஸ்கேன் எடுக்கச் சொன்னாங்க" என்று சிரித்துக்கொண்டே சீட்டை வாங்கிப் போனாள்.

சுற்றுவட்டார மருத்துவமனைகளும் லேப்களும் சேர்ந்து, நோயாளிகளின் விவரங்களை கிளவுடில் போட்டு ஒருவருக்கொருவர் பகிர ஆரம்பித்திருந்த சமயம் அது. யார் எதைப் பார்க்கலாம் என்று விதி உண்டு. டாக்டருக்கு ஒரு அளவு, லேப்புக்கு ஒரு அளவு. என்னைப் போன்றவளுக்குப் பெயர், வயது, ரத்த வகை, ஒத்துக்கொள்ளாத மருந்து, அவ்வளவுதான். மற்ற பக்கங்களில் சின்னதாக ஒரு பூட்டுப் படம் இருக்கும். கீழே ஒரு சிவப்பு பட்டன். நோயாளி நினைவில்லாமல் வந்தால், உயிருக்கு ஆபத்து என்றால், காரணம் எழுதிவிட்டுத் திறக்கலாம்.

வேறு ஊர் மருத்துவமனையிலிருந்து வந்த பக்கம் ஒன்று அவள் பெயரில் பூட்டியிருந்தது. என் கை சும்மா இருக்குமா? பாசத்தில்தானே பார்க்கிறோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். 'அவசரம்' என்று எழுதி அமுக்கினேன். நாலே வரி. படித்ததும் பதறிப்போய் மூடிவிட்டேன்.

பூட்டைத் திறந்தால், திறந்தவர் பெயரோடு நோயாளியின் போனுக்கே மெசேஜ் போகும் என்று பயிற்சியில் சொல்லியிருக்கிறார்கள். அப்போது நான் பக்கத்து சீட்டுக்காரியோடு பேசிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

மறுநாள் பொம்மிடியில் ஏறியவள், கைக்குட்டையை எடுத்து மடித்து என் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். லோக்கூர் வந்ததும் போனை நீட்டினாள். என் பெயர், நேரம், காரணம்: அவசரம்.

"உங்க ஆஸ்பத்திரியில இருந்து நேத்து சாயங்காலம் போன் பண்ணி, நெசமாவே அவசரமான்னு கேட்டாங்க. நாஞ்சொல்லித்தான் பாத்தாங்கன்னு சொல்லிட்டேங்க அக்கா. உங்க வேலைக்கு ஒண்ணும் ஆவாது" என்றாள்.

"மன்னிச்சிரு கண்ணு. உன்னையே கேட்டிருக்கணும் நானு."

அவள் வெளியே பனியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அஞ்சு வருசமா நீங்க எதுவுமே கேக்கலீங்க. அதுக்குத்தான் உங்க பக்கத்துல ஒக்காந்தேன்."

அன்று அவள் தலை என் தோளுக்கு வரவில்லை. மேலாளரிடம் உண்மையைச் சொல்லிவிட அறை வாசல்வரை போனேன். அவளைப் பொய்க்காரி ஆக்கிவிடுவோமே என்று திரும்பிவிட்டேன். அது பயம்தானோ என்று இப்போதும் சந்தேகமாக இருக்கிறது. அடுத்த வாரத்திலிருந்து அவள் பின்னால் இருக்கும் பெட்டியில் ஏறுகிறாள். என் ஜன்னலைத் தாண்டும்போது லேசாகத் தலையசைப்பாள். நான் இன்னமும் கைக்குட்டை போட்டுத்தான் வைக்கிறேன்.

அந்த நாலு வரியில் என்ன இருந்தது என்று உங்களுக்கும் கேட்கத் தோன்றும். என் வீட்டுக்காரர்கூடக் கேட்டுப் பார்த்துவிட்டார். ஓயாமல் பேசுகிற நான் ஆயுசுக்கும் வாய் திறக்காமல் வைத்திருக்கப்போவது அது ஒன்றைத்தான். அவளுக்கு என்னால் திருப்பிக் கொடுக்க முடிந்ததும் அது ஒன்றுதான்.