மூன்று அமெரிக்கப் போத்தல்களும் என் மூக்கும்

எனக்குச் சீராக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆண்டும் மறந்துபோகிறது, இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ. பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

மகளும் மருமகனும் சென்ட் லோரன்ட் வாடகை வீட்டை விட்டு இல்-பிசார் தீவில் சொந்த வீடு வாங்கினார்கள். நானும் அவர்களோடுதான். ஒரு சனிக்கிழமை காலையில் வீட்டை மந்திரித்து ஆசீர்வதிக்கப் பங்குச் சுவாமியார் வருவதாக இருந்தது. பின்னேரம் டொரொன்டோவிலிருந்து மருமகனின் தமையன். அவருக்காக மருமகன் மூன்று விதமான அமெரிக்க விஸ்கி வாங்கி, எது எப்படியென்று தானே விளங்கப்படுத்துவதாகத் தொலைபேசியில் சொல்லியிருந்தார். தமையன் சிரித்தாராம். "உனக்குச் சோடாவுக்கும் தண்ணிக்குமே வித்தியாசம் தெரியாது. நீ எனக்கு விளங்கப்படுத்தப் போறியோ?" பாவம், மருமகன் இரண்டு கிழமையாக அதைப் பற்றியே வாசித்துக்கொண்டிருந்தார்.

சுவாமியார் அலுமாரியையும் திறந்து தீர்த்தம் தெளிக்கிறவர். சமைக்கிற குசினியில் மூன்று சாராயப் போத்தல் நிற்கலாமா? ஜாம் போத்தலுக்குச் செய்வதுபோல மூன்றையும் சுடுதண்ணீரில் ஊறவைத்து, ஒட்டியிருந்த தாள்களைச் சுரண்டி எறிந்து, நல்லெண்ணெய்ப் போத்தல்களோடு அடுக்கிவிட்டேன். சுவாமியார் அந்தத் தட்டுக்குத் தாராளமாகவே தெளித்துவிட்டுப் போனார்.

பிறகுதான் மருமகன் கண்டார். மூன்றும் ஒரே உயரம், ஒரே நிறம். மூடியிலும் எழுத்தில்லை. ஏசவில்லை. கதிரையில் இருந்துவிட்டார்.

"அண்ணை இனிச் சாகுமட்டும் என்னை விடமாட்டார்" என்றார் மகளிடம்.

மருமகனோடு நேரே கதைக்க எனக்குக் கூச்சம். "ஒவ்வொண்டும் என்னத்திலை செய்யிறதெண்டு கேள் பிள்ளை" என்றேன்.

அவரும் மகளைப் பார்த்தே சொன்னார்: "போர்பனிலை பாதிக்கு மேலை சோளம். உள்பக்கம் கருக்கின புது மரப் பீப்பாவிலை வைக்கிறது. மற்றது ரை. அதிலை பாதிக்கு மேலை ரை எண்ட தானியம், கொஞ்சம் உறைக்கும். டெனசி விஸ்கியும் போர்பன் மாதிரித்தான், ஆனா பீப்பாவிலை விட முதல் மேப்பிள் மரக் கரிக்குள்ளாலை வடிக்கிறது."

நான் வாயில் வைக்கவில்லை, மாதாவாணை. மணந்துதான் பார்த்தேன். ஐம்பது வருடம் கறிச்சரக்கு வறுத்த மூக்கு. ஒன்றில் சீனி கருகிய மணம். ஒன்றில் மிளகு. மற்றதிலும் இனிப்புத்தான், ஆனால் நூர்ந்து அணைந்த அடுப்புக் கரி கொஞ்சம் கூடவே வந்தது. எது எந்த நிறமென்று மகளிடம் சொல்லி, போத்தல் கழுத்துகளில் மூன்று நிற நூல் கட்டிக் கொடுத்தேன்.

பின்னேரம் தமையன் வந்தார். மருமகன் நூலைப் பார்த்துப் பார்த்து ஊற்றினார். இரண்டாவதை ரை என்று சொல்லிக் கொடுக்க, தமையன் ஒரு மிடறு குடித்துவிட்டு, "மடையா, இது போர்பனடா" என்றார். மருமகனின் முகம் செத்துப்போயிற்று. குசினிக் கதவுக்குப் பின்னால் நின்ற எனக்கு எங்கிருந்து வாய் வந்ததோ தெரியாது.

"இல்லைத் தம்பி, அது ரைதான். மிளகு மணக்குது. வடிவா மணந்து பாருங்கோ."

தமையன் கிளாசும் கையுமாகக் கதவுப் பக்கம் திரும்பினார்.

"மாமி எப்ப துவங்கினவ?" என்றார் தமையன்.

மகள் சிரித்துச் சிரித்து நிலத்தில் இருந்துவிட்டாள். தமையன் கிளாசுக்குள் மூக்கை விட்டு வெகுநேரம் மணந்தார். "ஓம், மிளகுதான்" என்று சொல்லித் தம்பியின் பக்கம் திரும்பினார். "சரி, மற்ற ரண்டையும் விளங்கப்படுத்து பாப்பம்."

மருமகன் கதிரையை இழுத்துப் போட்டு இரண்டு மணித்தியாலம் விளங்கப்படுத்தினார்.

தாள்கள் குப்பையோடு போனதால் நான் சொன்னது சரியா என்று இன்றுவரை எங்களில் ஒருவருக்கும் தெரியாது. விவரம் தெரிந்தவர் யாராவது இந்தச் சோளக் கதையையும் கரிக் கதையையும் பார்த்து, பிழை இருந்தால் திருத்திவிடுங்கள். தமையனுக்கு மட்டும் அறிவிக்க வேண்டாம்.