நசுங்கிய கற்பூரத் தட்டு

ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் எங்கள் வீட்டு வாசல் தேயிலையை நோக்கிச் சரிந்திருக்கும். என் பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு எல்லா வேலையும் அங்கே வைத்து நானேதான் செய்வேன். போன மாதம் முன் சக்கரங்களுக்குப் புதிய பிரேக் பேட் மாட்டினேன்.

வேலை முடிந்தால் பூஜை போட்டுத்தான் வண்டியை எடுப்போம். சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்திருந்த கற்களை எடுத்துவிட்டு, அதே இடத்தில் எலுமிச்சம்பழங்களை வைத்தேன். மனைவி செல்வி காருக்கு முன்னால் நின்று கற்பூரம் காட்டினாள்.

"சரிங்க, மெதுவா எடுங்க."

ஹேண்ட் பிரேக்கை விட்டேன். பழங்கள் நசுங்கின. கார் உருண்டது. பிரேக்கை மிதித்தால் பெடல் அப்படியே அடிவரை போய்விட்டது!

"தள்ளிப் போ புள்ள!" என்று அலறிக்கொண்டே ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். அவள் தட்டைப் போட்டுவிட்டுத் தேயிலைக்குள் பாய்ந்தாள். கார் தட்டின்மேல் ஏறி நின்றது.

"எலுமிச்சம்பழத்த பாத்துப் பாத்து வச்சீங்களே, பிரேக்க பாத்தீங்களா?" என்றாள் செல்வி.

பேட் மாற்றினால் பெடல் இறுகும்வரை பலமுறை மிதிக்க வேண்டும். தெரிந்த விஷயம்தான், பூஜை அவசரத்தில் மறந்துவிட்டேன். இப்போது பெடல் இறுகாமல் ஒரு கல்லையும் எடுப்பதில்லை. கற்பூரமும் காருக்கு முன்னால் நிற்காமல் பக்கவாட்டில் நின்றுதான் காட்ட வேண்டும். புதுத் தட்டு வாங்கிக் கொடுத்தும், செல்வி அந்த நசுங்கிய தட்டைத்தான் எடுத்து வருகிறாள்.