கெளுத்திக்கு வந்த வெள்ளிக்கிழமை நோய்

உத்திரமேரூருக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் ஒரு கெளுத்தி மீன் வளர்க்கிறோம். மூன்று மாதமாக அது என்னைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. திடீரென மேலே வந்து வாயைப் பிளக்கும், செவுள் சிவக்கும், மீசை கரையும். நாலைந்து நாளில் தேறும், மறுபடியும் படுத்துவிடும்.

மீன் வாங்கிய கடையில் கேட்டால், பார்க்காமலே நீல மருந்தை நீட்டினார்கள். ஊற்றினேன், இன்னும் மோசமானது. வாளியில் மீனோடு மாட்டாஸ்பத்திரிக்கே போய்விட்டேன். "ஆடு மாடுன்னா பாப்பேம்மா, இதுக்கு எங்க ஊசி போடறது?" என்று டாக்டர் கையை விரித்தார். எரிச்சலில் தொட்டியையே தூக்கிப் போட்டுவிடலாமா என்றிருந்தது.

வெள்ளிக்கிழமை வீடு கழுவும்போது தொட்டியையும் கழுவுவது என் வழக்கம். கூழாங்கல்லைக்கூடத் தேய்த்து, குழாய்த் தண்ணீரை முழுசாக மாற்றுவேன். நோயாளி ஆயிற்றே என்று இன்னும் அழுத்தித் தேய்த்தேன். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, ஊருக்குத் தண்ணீர் திறந்துவிடுபவர் வாசலில் நின்று பார்த்துவிட்டுக் கத்தினார்.

"இன்னா அண்ணி பண்ணிக்கினு கீறீங்க? காலைலதான் டேங்க்ல பிளீச்சிங் பவுடர் போட்டேன். வாராவாரம் வெள்ளிக்கிழமதான போடறேன்!"

குழாயை மூடிவிட்டு நாளை எண்ணிப் பார்த்தேன். மீன் படுத்ததெல்லாம் வெள்ளிக்கிழமை கழுவலுக்குப் பிறகுதான்.

மருந்தை அன்றே நிறுத்தினேன். இப்போது தண்ணீரைப் பிடித்து, பவுடர் நெடி போக அகலமான பாத்திரத்தில் இரண்டு நாள் வெயிலில் வைத்து, தொட்டியில் கால் பங்கு மட்டும் மாற்றுகிறேன். மீன் தேறிவிட்டது, மீசைதான் பாதி. ஆனால் நான் வாளியை எடுத்தாலே கல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. தன் நோய் யாரென்று எனக்கு முன்பே அது கண்டுபிடித்திருக்கிறது.