வெள்ளரிக்காய் வில்லைகள்

இத்தாலியில், போர்கோ வெக்கியோ என்ற பகுதியில் என் கணவரும் ஏழு வயது மகளும் இருக்க, பத்து நிமிட நடையில் சிஞ்ஞோரா என்று நான் கூப்பிடும் ஒரு இத்தாலியக் கிழவியின் வீட்டில் நான் அடைபட்டுக் கிடந்தேன். கிழவியோடு தங்கிப் பார்க்கும் வேலை. வியாழன் பின்னேரமும் ஞாயிறும்தான் விடுதலை. மற்ற நாட்களில் குப்பை கொட்டப் போனாலும் கட்டிலில் இருந்தபடியே கூப்பிடுவாள்.

துறைமுகப் பக்கம் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த கொரியப் பெண் ஒருத்தி சமையலறைக்கு ஆள் தேடினாள். வேலை முடிந்தால் வீட்டுக்குப் போகலாம். ஒரு வியாழன் போய் நின்றேன். அவளுக்கு இத்தாலியன் வராது, எனக்குக் கொரியன் வராது. நடுவில் அரைகுறை ஆங்கிலம். வெள்ளரிக்காயைத் தந்து "ஸ்லைஸ்" என்றாள். கறிக்கு வெட்டுவதுபோலத் துண்டு துண்டாகப் போட்டேன். அவள் தலையில் கை வைத்தாள். பழகிவிட்டு வா என்று ஒரு வீடியோவை அனுப்பினாள்.

கொரியர்கள் சமையல் ஆங்கிலம் படிப்பதற்காகச் செய்த வீடியோ. அவளும் அதில்தான் படித்தாளாம். ஆசிரியர் கொரியனில் பொழிந்து தள்ளிவிட்டு "ஸ்லைஸ்" என்பார். தாள் போல ஒரு வில்லை விழும். பேச்சு ஒரு மண்ணும் விளங்கவில்லை, கை விளங்கியது.

"இந்த வேலையை எப்பிடியும் எடும். பிள்ளை உம்மைக் கேட்டு அழுறாள்," என்றார் கணவர். அவர் சொல்லித்தானா எனக்குத் தெரிய வேண்டும்!

சிஞ்ஞோரா வீட்டு வெள்ளரி, கரட் எல்லாவற்றையும் வெட்டித் தீர்த்தேன். எறிய மனமில்லாமல் கிழவியின் தட்டில் வைத்தேன். மாதக்கணக்காகச் சாப்பாட்டைத் தட்டிவிட்டவள் ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றாள், இன்னும் கேட்டாள். சந்தோஷப்பட்டேன், மடைச்சி.

நாலாவது வியாழன், கொரியப் பெண் என் வில்லையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சிரித்தாள். திங்கள் வா, வேலை ஒப்பந்தப் பேப்பர் மூன்று மாதம் கழித்து என்றாள். இந்த நாட்டில் இருக்க எனக்குத் தந்த அனுமதி, பெர்மெசோ, அடுத்த மாதம் முடிகிறது. பேப்பர் இல்லாமல் புதுப்பிக்க முடியாது. எப்படியாவது சமாளிக்கலாம் என்று நினைத்தபடி திரும்பினேன்.

கதவைத் திறந்தவர் சிஞ்ஞோராவின் மகன். நான் இல்லாத பின்னேரம் முழுக்க அம்மா ஒரு வாய்கூடத் தொடவில்லையாம்.

"உன் கையால்தான் வேண்டுமாம். புது ஒப்பந்தம் நாளைக்கே எழுதித் தருகிறேன். இனி வியாழனும் நில்," என்றார்.

அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கோ அவரை அறைய வேண்டும் போலிருந்தது. சரியென்று தலையை ஆட்டினேன்.

சமையலறைக்குள் போய் வீட்டுக்குப் போன் எடுத்தேன். மகள்தான் பேசினாள்.

"அம்மா, வேலை கிடைச்சிட்டுதோ? இனி இரவிலை எங்களோடை படுப்பியளோ?"

உள்ளேயிருந்து கிழவி கூப்பிட்டாள்.

"ஞாயிற்றுக்கிழமை வாறன், பிள்ளை," என்றேன்.