தூரமோ என்று கேட்டவர்

பேய்க்கதை சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பயம் வராது, எரிச்சல்தான் வரும். கொண்டாட்ட வீடுகளில் சாப்பாடு முடிந்து தேத்தண்ணீர் வருகிற நேரம் பார்த்து யாராவது ஒருவர் தொடங்குவார், கனவில் வந்தவர், சுடலைப் பக்கம் கேட்ட சலங்கை என்று, நான் பேசாமல் எழும்பிப் போய்க் கோப்பை கழுவத் தொடங்கிவிடுவேன். என் வேலை அப்படி. ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சனில் செயற்கைப் பல் செய்யும் லாப் ஒன்றில் இருக்கிறேன், மயிரிழை பிசகினாலும் பல் வாயில் நிற்காது, அளந்து பார்க்க முடியாத எதையும் நான் கணக்கில் எடுப்பதில்லை. ஆகவே நான் சொல்லப்போவதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்குக் கோபமில்லை. உங்கள் இடத்தில் நான் இருந்திருந்தால் இதற்குள் கோப்பை கழுவப் போயிருப்பேன்.

போன கோடையில் என் தங்கை ஆரணிக்குக் கல்யாணம். எனக்கு முப்பத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை, அதனால் எங்கள் வீட்டில் நான்தான் இலவச டாக்ஸி. பூ எடுக்க நான், ஐயரை ஏற்ற நான், பலகாரச் சட்டி திருப்பிக் கொடுக்க நான். போகிற வீடெல்லாம் "உமக்கு எப்ப?" என்று ஒரு கேள்வி வேறு, பெற்றோலுக்குக் காசு தருகிறவர்கள் கேட்டாலும் பரவாயில்லை.

மாப்பிள்ளை நிரோஜன் நல்ல பிள்ளை, இங்கேயே வளர்ந்தவன், மியூனிக்கில் எஞ்சினியர். கல்யாணம் முடிந்ததும் ஆரணி அங்கே போக வேண்டும். அவளுக்கோ இங்கே கிண்டர்கார்டனில் நல்ல வேலை, அம்மாவை விட்டுப் போகவும் மனமில்லை. அதை வைத்து இரண்டு பேரும் ஒரு மாதமாக ஃபோனில் பிடுங்குப்பாடு. "அவ்வளவு தூரம்" என்று இவள் அழுவாள், "அஞ்சு மணித்தியால ரயில், தூரமோ?" என்று அவன் கத்துவான். நடுவில் நான்.

இதற்குள் வீடியோ. மண்டபத்தில் பெரிய திரையில் போடுவதற்கு மாப்பிள்ளையும் பொம்பிளையும் பாலைவனத்தில் நடந்து வருகிற மாதிரி ஒரு காட்சி வேண்டுமாம். ஜெர்மனியில் பாலைவனத்துக்கு எங்கே போவது? எங்கள் ஊருக்கு வெளியே நிலக்கரிச் சுரங்கத்தின் கழிவுக் கல்லைக் கொட்டிக் கொட்டி உண்டான மலை ஒன்று இருக்கிறது. ஜெர்மன்காரர் ஹால்டே என்பார்கள், எங்கள் இலங்கை ஆட்களுக்குக் கரிமலை. அடிவாரத்தில் வெள்ளைப் பட்டை பேர்ச் மரக்காடு, அதற்கு மேல் புல்லும் மஞ்சள் பூப் பற்றையும், பிறகு வெந்து சிவந்த கல், உச்சியில் ஒரு புல்லும் இல்லாத கறுப்பு வெளி. ஒரே ஒரு ரோடு மலையைச் சுற்றிச் சுற்றி ஏறும். சாதாரண நாளில் கார் விட மாட்டார்கள். நிரோஜனின் சிநேகிதன் கார்த்திக், அவனோடு வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பையன், வீடியோவும் எடுப்பான், அவன்தான் எழுதிப் போட்டு இரண்டு காருக்கு அனுமதி வாங்கியிருந்தான்.

குறித்த நாளில் மழை. அடுத்த டெர்மின், அனுமதி நாள், கிடைத்தது வியாழக்கிழமை, அதற்கு முதல் நாள் புதன்கிழமை வீட்டில் பொன்னுருக்கல் முடிந்திருந்தது. தாலிக்குப் பொன் உருக்கின பிறகு மணவறை வரைக்கும் மாப்பிள்ளையும் பொம்பிளையும் முகத்தில் முகம் முழிக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அம்மாவுக்குத் தெரிந்தால் வீடு இரண்டுபடும். நான் சாத்திரம் பார்க்கிற ஆளில்லை, ஆனால் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன் அம்மாவோடு வாதாட எனக்குத் தெம்பில்லை.

பின்னேரம் பட்டுச்சேலையை ஒரு பையில் திணித்துக்கொண்டு இரண்டு பேரும் வெளிக்கிட்டோம். அம்மா குசினிக்குள் இருந்து குரல் கொடுத்தா.

"தூரமோ பிள்ளையள்?"

"இல்லையம்மா, உதிலைதான். பிளவுஸ் தைக்கிற அக்கா வீட்டை."

வெளியே போகிறவரை எங்கே போகிறாய் என்று எங்கள் வீடுகளில் கேட்க மாட்டார்கள், போகிற காரியம் கெட்டுவிடுமாம். தூரமோ என்றுதான் கேட்பார்கள். அதற்கு "இல்லை, உதிலைதான்" என்று சொல்ல வேண்டும், கனடாவுக்குப் பிளேன் ஏறப் போனாலும் உதிலைதான், இந்தா பக்கத்தில்தான். இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கரிமலை அடிவாரத்தில் தடைக்கம்பம் தூக்கியபடி நின்றது. பக்கத்தில் செம்மஞ்சள் ஜாக்கெட் போட்ட ஒருவர், ரோட்டு வேலை ஆட்கள் போடுவார்களே, அது. நான் காரை மெதுவாக்கிக் கண்ணாடியை இறக்கினேன். எங்கள் ஆள் முகம். அதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றும் வரவில்லை, இந்த ஊரில் எங்கள் ஆட்கள் செய்யாத வேலை எது? அனுமதிக் கடிதம் கேட்பார் என்று பார்த்தால் குனிந்து உள்ளே பார்த்துச் சிரிக்காமல் கேட்டார்.

"தூரமோ?"

நான் வாய் திறக்குமுன் பின் சீட்டில் சேலை உடுத்திக்கொண்டிருந்தவள் முந்திவிட்டாள்.

"ஓம் அண்ணை, சரியான தூரம்! இந்த அக்கா ஓடுற ஓட்டத்துக்கு நாளைக்குத்தான் போய்ச் சேருவம்."

அவர் தலையாட்டிவிட்டு ஒதுங்கினார். "வாயைப் பார்" என்று அவளை ஏசிக்கொண்டே நான் காரை ஏற்றினேன்.

முதலில் பேர்ச் மரங்கள், நல்ல வெயில், இலையெல்லாம் மினுங்கியது. ஒரு வளைவில் கீழே கால்வாய் தெரிந்தது, அடுத்ததில் புகைக்கூண்டுகள். பிறகு புல்வெளி, மஞ்சள் பூ. ஆரணி கண்ணாடியை இறக்கிப் பாட்டுக் கூடப் பாடினாள். பிறகு சிவந்த கல், பிறகு கறுப்பு, காற்றோடு தூசி காருக்குள் வந்தது. இந்தா வந்துவிட்டோம் என்று நினைத்தேன், உச்சியில் துருப்பிடித்த இரும்புக் கோபுரம் ஒன்று இருக்கும், அது தெரிய வேண்டும். தெரியவில்லை. ரோடு இன்னும் ஏறியது. ஒரு வளைவு திரும்பினால், நம்பினால் நம்புங்கள், மறுபடி பேர்ச் மரங்கள்.

"அக்கா, உந்த மரங்களை முதலே தாண்டிட்டமெல்லே?"

"உது வேற மரம்."

வேறு மரமாம். அந்த மலையில் மரம் அடிவாரத்தில் மட்டும்தான் என்று எனக்குத் தெரியும், ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கப் போகிற இடம். கார் ஒரு தரம்கூட இறங்கவில்லை, ஏறிக்கொண்டுதான் இருந்தது, காதுகூட அடைத்தது. மறுபடி புல், மறுபடி மஞ்சள் பூ, மறுபடி சிவப்பு. இந்தத் தரம் வளைவுகளில் கால்வாயும் இல்லை, புகைக்கூண்டும் இல்லை. கறுப்புக்கு வந்தபோது அது பெரிதாக இருந்தது, அந்த மலை உச்சியில் அடங்காத அளவு பெரிது, கண்ணுக்கெட்டிய மட்டும் கறுப்புக் கல்லும் தூசியும் மட்டும். ஆரணி பாட்டை நிறுத்தியிருந்தாள். எனக்கு வந்த பயத்தை அவளுக்குக் காட்டாமல் இருக்க சேலை மடிப்புச் சரியில்லை என்று அவளை ஏசினேன்.

ஒருவழியாகக் கோபுரம் வந்தது. காரை நிறுத்தி இறங்கினால் ஒரு சனம் இல்லை. நிரோஜனும் இல்லை, கார்த்திக்கும் இல்லை, கார் வந்த தடமும் இல்லை. எனக்கு வந்த விசர்க் கோபத்துக்கு அளவில்லை. இவ்வளவு பொய் சொல்லி, சேலை உடுத்தி, காரெல்லாம் தூசியாக்கி வந்தால் இவர்கள் இன்னும் வரவில்லை. ஆரணி நிரோஜனுக்கு ஃபோன் எடுத்தாள், ஸ்பீக்கரில் போட்டாள்.

"எங்கை நிக்கிறியள்?"

"மேலை, கோபுரத்தடியிலை. ஒரு மணித்தியாலமா நிக்கிறம். நீர் எங்கை?"

"நானும் கோபுரத்தடியிலைதான் நிக்கிறன்."

"ஆரணி, பகிடி விடாதையும்."

பின்னால் கார்த்திக்கின் குரல். "அக்கா, லைட் போயிட்டே இருக்கு, கொஞ்சம் சீக்கிரம் வாங்க, நான் வேணா ட்ரோன் விட்டுப் பாக்குறேன்." கொஞ்ச நேரத்தில் அவனே, "இங்க எங்க கார் மட்டும்தான் தெரியுது, கீழ ரோடு ஃபுல்லா காலி" என்றான். எங்கள் தலைக்கு மேல் எந்தச் சத்தமும் இல்லை.

அதற்குப் பிறகு நடந்தது பேயால் நடந்ததல்ல, வாயால் நடந்தது. அவள் பொய் சொல்கிறாள் என்றான் அவன். அவன் வரவேயில்லை என்றாள் இவள். நான் ஃபோனைப் பறித்து, "தம்பி, கடவுளாணை நாங்கள் மேலைதான் நிக்கிறம்" என்றேன், "நீங்களுமோ அக்கா?" என்று அவன் கேட்ட விதத்தில் எனக்கே அழுகை வந்தது. ஃபோனை அவளிடமே கொடுத்துவிட்டுக் காரில் போய்ச் சாய்ந்தேன். மியூனிக் கதை வந்தது.

"உமக்கு வர விருப்பமில்லை, அதைத்தான் இப்பிடிக் காட்டுறீர். அப்பிடியெண்டால் நேரே சொல்லும்."

"ஓம், விருப்பமில்லை! கலியாணத்தை நிப்பாட்டுங்கோ!"

லைன் அறுந்தது. மண்டபம் பிடித்தாயிற்று, சனத்துக்குச் சொல்லியாயிற்று, பொன் உருக்கியாயிற்று, இவள் பட்டுச்சேலையோடு கறுப்புக் கல்லில் குந்தியிருந்து அழுகிறாள். நான் அவளைத் தூக்கி ஏற்றிக் கீழே கொண்டுவந்தேன். இறங்கும்போது எல்லாம் ஒழுங்காக இருந்தது, கறுப்பு, சிவப்பு, புல், மரம், ஒரு தரம் மட்டும். தடைக்கம்பத்தடியில் யாரும் இல்லை.

அன்றிரவு வீட்டில் ஆரணி அறையைப் பூட்டிக்கொண்டாள். நான்தான் நிரோஜனுக்கு ஃபோன் அடித்தேன், ஏசத்தான் அடித்தேன். உச்சியில் எடுத்த படம் இருந்தால் அனுப்பு பார்ப்போம் என்றேன், நானும் என் கையில் இருந்ததை அனுப்பினேன், அவள் அழத் தொடங்குமுன் சேலை எப்படி இருக்கிறது என்று பார்க்க எடுத்தது. இரண்டு படத்திலும் அதே கோபுரம், அதே கால் உடைந்த மர வாங்கு. கோபுரத்துக்கு மேலே முயல் காது மாதிரி இரண்டாகப் பிரிந்த ஒரு முகில், இரண்டிலும் அதே முகில், அதே இடத்தில். அதைப் பார்த்ததும் அவன், "ஆரணியிட்டைக் குடுங்கோ அக்கா" என்றான். கதவைத் தட்டிக் கொடுத்தேன். பயம் சண்டையைத் தின்றுவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும், விடியும்போது இரண்டு பேரும் மன்னிப்புக் கேட்டு முடித்திருந்தார்கள்.

சனிக்கிழமை கல்யாணம் நடந்தது. மணவறையில் அவனைக் கண்டதும் ஆரணி எல்லார் முன்னாலும் அவன் கையைப் பிடித்துப் பார்த்தாள், ஆள்தானோ என்று. சனம் சிரித்தது. அம்மா மட்டும் என் காதருகே, "பிளவுஸ் தைக்கிறவ வீட்டை போன காருக்கு ஏனடி உவ்வளவு கரித்தூசி?" என்றா. நான் ஐயருக்குப் பூத்தட்டு எடுத்துக் கொடுக்கப் போய்விட்டேன்.

அன்று சாப்பாட்டு மேசையில் நிரோஜன் சாதாரணமாகத்தான் சொன்னான். "கீழை ஒரு அண்ணை நிண்டவரெல்லே, செம்மஞ்சள் ஜாக்கெட். எங்களையும் தூரமோ எண்டு கேட்டவர். இல்லை அண்ணை, உதிலைதான் எண்டனான். அப்பிடித்தானே சொல்ல வேணும்? ரெண்டு நிமிசத்திலை உச்சிக்கு வந்திட்டம்." ஆரணி என்னைப் பார்த்தாள். நான் சோற்றைப் பார்த்தேன். கார்த்திக் பிறகு அனுமதி தந்த இடத்தில் விசாரித்தான், அந்தக் கம்பத்தில் அவர்கள் யாரையும் நிறுத்துவதில்லையாம்.

இப்போது அவள் மியூனிக்கில் சந்தோசமாகத்தான் இருக்கிறாள். நிரோஜன் கடைக்குப் போகும்போது "உதிலைதான்" என்று சொல்லாமல் கதவைத் திறக்க விடமாட்டாளாம். இத்தோடு முடிந்திருந்தால் நானும் களைப்பு, வெயில், தூசி என்று ஏதாவது சொல்லிக் கதையை மூடியிருப்பேன்.

ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு கார்த்திக் ட்ரோனில் பதிவானதை எடுத்துப் பார்த்திருக்கிறான். எனக்கு மட்டும் அனுப்பினான், "அக்கா, தனியா பாருங்க" என்று. சத்தம் இல்லாத படம். கறுப்பு வெளி, கோபுரம், அதன் அடியில் இரண்டு கார், நடுவில் ஒரு கதவு திறக்கிற இடைவெளிதான். ஆரணியும் நிரோஜனும் முகத்துக்கு முகம் நிற்கிறார்கள், இரண்டு பேர் கையிலும் ஃபோன், இரண்டு பேரும் கத்துகிறார்கள். காற்றில் அவள் சேலைத் தலைப்பு அவன் கையில் போய்ப் படுகிறது, அவன் கையை உதறிக்கொள்கிறான், இலையான் மொய்த்த மாதிரி.

நான் காரில் சாய்ந்து நிற்கிறேன். தனியாகத்தான் நின்றேன், சத்தியமாகத் தனியாகத்தான் நின்றேன். படத்தில் என் பக்கத்தில் செம்மஞ்சள் ஜாக்கெட். ட்ரோன் தாழப் பறந்து வருகிறது, முகங்கள் தெரிகின்றன. அவர் என் பக்கம் குனிந்து ஏதோ கேட்கிறார், ஒரு சொல்தான். நான் திரும்பி அவரைப் பார்த்து மறுமொழி சொல்கிறேன், அதுவும் ஒரு சொல். அவர் தலையாட்டிவிட்டுப் படத்துக்கு வெளியே போய்விடுகிறார்.

என்ன கேட்டார் என்று எனக்குக் காது கேட்கத் தேவையில்லை. நான் சொன்னதைத்தான் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். பல்லும் வாயும்தானே என் பிழைப்பு, "இல்லை" என்று சொன்னால் வாய் திறந்தபடி முடியும், பல் தெரியும். படத்தில் என் உதடு குவிந்து மூடுகிறது. "ஓம்" என்றுதான் சொல்லியிருக்கிறேன், தூரம்தான் என்று. எங்கே போகிறதுக்கு என்றுதான் இன்னும் தெரியவில்லை.