முதல் ஜனாதிபதியின் பிறந்தநாள்

அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி யார் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அடிமைகளை விடுவித்தவர் யார், சுதந்திரப் பிரகடனம் எந்த ஊரில் கையெழுத்தானது, எல்லாம் எனக்கு அத்துப்படி. எண்பதுகளில், நியூஜெர்சியில் எடிசன் என்ற ஊரில் இருந்த எங்கள் வீட்டில் சாம்பார் கொதிக்கும்போதுகூட என் கணவர் குடியுரிமைத் தேர்வுக்கான கேள்வி கேட்பார். நான் கரண்டியும் கையுமாகப் பதில் சொல்வேன். இத்தனை பாடும் அப்பாவுக்காகத்தான். கிரீன் கார்டு வைத்திருப்பவளால் பெற்றோரை வரவழைத்துக்கொள்ள முடியாது, குடியுரிமை வாங்கினால் முடியும். கும்பகோணத்தில் தம்பியோடு இருந்த அப்பா, போனில் பேசும்போதெல்லாம், "எப்பம்மா கூப்பிட்டுக்கப் போற?" என்பார்.

பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை நியூவார்க் கோர்ட்டில் கையைத் தூக்கிக் குடியுரிமைச் சத்தியம் செய்தேன். கிரீன் கார்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு, ஒரு சான்றிதழும் குட்டிக் கொடியும் கொடுத்தார்கள். மறுநாள் காலை பாயசத்துக்குப் பாலை அடுப்பில் வைத்தேன். தம்பி போன் செய்தான்.

"அக்கா, அப்பாவுக்கு ஹார்ட் அட்டாக். ஆஸ்பத்திரில இருக்காரு. கண்ணத் தொறக்கறப்பல்லாம் உன்னத்தான் கேக்கறாரு. ஒடனே கெளம்பி வாக்கா."

கிளம்புவதா! எதை வைத்துக்கொண்டு? இந்தியப் பாஸ்போர்ட் முந்தின நாளே செல்லாக்காசாகிவிட்டது. அமெரிக்கப் பாஸ்போர்ட் இன்னும் வாங்கவில்லை. உலகத்தில் எந்த நாட்டுக்காரி என்று காட்ட என் கையில் அந்தக் கொடிதான் இருந்தது.

"பழைய பாஸ்போர்ட்லயே போயிடறேன்" என்றேன்.

"போயிட்டு எப்படித் திரும்பி வருவ? கிரீன் கார்டையும் சரண்டர் பண்ணியாச்சு" என்றார் கணவர். "மண்டே காலைல நியூயார்க் போய் பாஸ்போர்ட் அப்ளை பண்ணிடலாம். எமர்ஜென்சின்னா அன்னிக்கே குடுத்துடுவாங்க."

பக்கத்தில் நின்ற என் மகள், பள்ளிக்கூடத்தில் செய்த காகிதச் செர்ரி மரத்தை நீட்டினாள். கீழே வெள்ளை விக் வைத்த தலை ஒன்று ஒட்டியிருந்தது.

"மம்மி, மண்டே ஹாலிடே. இட்ஸ் ஹிஸ் பர்த்டே."

முதல் ஜனாதிபதியின் பிறந்தநாள்! சின்ன வயதில் கோடாலியால் செர்ரி மரத்தை வெட்டினார் என்று கதை சொல்வார்களே, அவர்தான். அரசாங்க ஆபீஸ் ஒன்றுகூடத் திறக்காது. அந்த மனிதர் அன்றைக்குப் பிறக்கவும் இல்லை. வாரக் கடைசியோடு லீவு சேர்ந்து வரட்டும் என்று திங்கட்கிழமைக்கு நகர்த்தி வைத்திருக்கிறார்கள். அதுவும் நான் படித்ததுதான். பாழாய்ப்போன படிப்பு!

திங்கட்கிழமை முழுக்க போன் அருகிலேயே உட்கார்ந்திருந்தேன். பாஸ்போர்ட் ஆபீசுக்குப் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. டிவியில் பிறந்தநாள் தள்ளுபடி விளம்பரத்தில் எவனோ அதே வெள்ளை விக்கை மாட்டிக்கொண்டு, மெத்தை விலையைக் கோடாலியால் வெட்டுவதாகக் குதித்தான். எழுந்து போய் அணைக்கக்கூட எனக்குத் தெம்பில்லை. அவன் கத்திக்கொண்டிருக்கும்போதே தம்பி கூப்பிட்டான்.

"அப்பா போயிட்டாருக்கா."

"நான் வர்ற வரைக்கும் வெச்சிருங்கடா" என்று கெஞ்சினேன்.

"எத்தனை நாள்க்கா வெச்சிருக்க முடியும்? விடிஞ்சதும் எடுத்துடறோம்."

அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

கருமாதிக்காவது போய்ச் சேரலாமென்று செவ்வாய்க்கிழமை நியூயார்க் போனோம். கவுண்டரில் இருந்த பெண் நல்லவள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏதாவது அவசரமா?" என்று கேட்டாள்.

"நேற்று வரைக்கும் அவசரமாக இருந்தது" என்றேன்.